பல்லைக் காட்டிப் படி

சொல்லிக்கொடுப்பது எதுவும் பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லையே என்று புலம்பும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் சொல்லிக்கொடுத்தது முழுசாக ஏறிவிட்டது. அதுதான் வினை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருச்சியில் பயிற்சி முடித்த கையோடு, செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக்கொட்டகைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். தமிழைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு.

புத்தகத்தில் 'வீடு' என்றிருந்தால் பிள்ளைகள் 'வூடு' என்று படித்தார்கள். 'பிடி' என்றிருந்தால் 'புடி'. (நான் பிறந்த குரும்பலூரிலும் அதே பேச்சுதான். அதை ஹாஸ்டலிலேயே புதைத்துவிட்டு வந்ததாக எனக்கு எண்ணம்.)

"உதட்டைக் குவித்தால் தப்பு. பல்லைக் காட்டினால் சரி. எங்கே, எல்லாரும் காட்டுங்கள்!" என்றேன். யாராவது மறந்து 'வூடு' என்றால் மொத்த வகுப்பும் 'வீடு!' என்று கத்தித் திருத்த வேண்டும் என்று சட்டமும் போட்டேன். கொஞ்ச நாளில் வகுப்பே பல் தேய்க்கக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

அரியலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

என் வகுப்பில் நன்றாகப் படிப்பவள் அஞ்சலை. முன்பல் இரண்டும் விழுந்தவள். அவளை எழுப்பினேன். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இதப் படிம்மா" என்றார்.

'அம்மா தலையில் பூ வைத்தாள்.'

முதல் இரண்டு சொல்லையும் கணீரென்று படித்தாள். மூன்றாவதற்கு உதடு தானாகக் குவிந்தது. சட்டென்று என்னைப் பார்த்தாள். ஞாபகம் வந்துவிட்டது. உதட்டை இழுத்து, இருக்கிற பல்லையெல்லாம் காட்டி, படித்தாள்.

அம்மா தலையில் எதை வைத்தாள் என்று நான் எழுதமாட்டேன். 'பூ'வில் ஊகாரத்தை எடுத்துவிட்டு ஈகாரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"என்ன வச்சாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், காதை நம்பாமல். அஞ்சலை இன்னும் உரக்கச் சொன்னாள்.

"என்ன டீச்சர் இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நான் அப்படிச் சொல்லித் தரலைங்க சார். அவ வூட்டுல அப்படித்தான்..."

"வீடு!" என்று வகுப்பு முழுவதும் பல்லைக் காட்டியது.

வாசலில் ஒரே சிரிப்பு. அதில் சிரிக்காத ஒருவர் முன்னால் வந்தார். அஞ்சலையின் அப்பா. "எங்க வூட்டுல யாருக்குங்க படிக்கத் தெரியும்?"

"வீடு!"

அவர் திகைத்துப்போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தப்பா ஏதும் சொல்லிட்டேங்களா?" என்று கேட்டார்.

அஞ்சலைக்குக் கண் நிரம்பிவிட்டது. "நீங்கதான டீச்சர் பல்லக் காட்டச் சொன்னீங்க?"

நான் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினேன்.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அஞ்சலை அதற்குப் பிறகு வெகுநாள் வாய்விட்டுப் படிக்கவேயில்லை, உதடு மட்டும் அசையும். அன்று சாயங்காலமே போய் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. சட்டத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்தபோது தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். விதி, பிற்பாடு அவரையே கட்டிக்கொண்டேன். கல்யாணமான மறுநாள் மல்லிகைப் பொட்டலத்தை நீட்டி, "டீச்சருக்கு அது வாங்கியாந்திருக்கேன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பூவுக்கு 'அது' என்றுதான் பெயர். பிள்ளைகள் கடைக்குப் போனால், "ரெண்டு முழம் அது" என்பார்கள்.

போன மாதம் மருமகள் வந்தாள். முதல் நாளே, "அத்தை, மாமா என்னைத் தலையில அது வச்சுக்கச் சொல்றாரு. அதுன்னா எதுங்க?" என்று கேட்டாள்.

வீடே என் வாயைப் பார்த்தது. பால் பொங்குவதாகச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.