மிளகு தொலையவில்லை என்பது பற்றி

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் உன் பூனையும். உன் இடுப்பு எலும்பு நன்றாகச் சேர்ந்து, கைத்தடியை மூலையில் வைத்துவிட்டு நீ நடமாட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் உன் மிளகைத் தொலைத்துவிட்டேன் என்று நம் தம்பி பெண்டாட்டி உன்னிடம் சொன்னாளாம். நீ அழுதாயாம். நடைப்பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாயாம். இப்படியே கிடந்தால் மூட்டு இறுகிவிடும், பிறகு படியேறி உங்கள் வீட்டுக்குப் போவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு மருத்துவர் எச்சரித்தும் நீ அசையவில்லையாம். இவ்வளவும் எனக்குத் தொலைபேசியில் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் போகும் சேதி வாய்க்கு வாய் ஒரு முழம் வளரும் என்பதால் நான் எழுத்தில் எழுதுகிறேன். நான் எதையும் தொலைத்தவள் அல்ல. கன்னியர் மடத்து விடுதியில் இருந்த வருஷங்களில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொலைக்காததற்காக மதர் எனக்குக் கொடுத்த ஒழுங்குப் பதக்கம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அதையும் தொலைக்கவில்லை. இதை எழுதும் இந்தக் கணத்தில் உன் பூனை, உன் அத்தானின் சாய்வு நாற்காலியில், நான் இன்னும் பிரிக்காத செய்தித்தாளின் மேல், நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கிறது. ஆகவே எழுந்து நட.

கொண்டுவந்து காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்பாய். நீ படுத்திருப்பது தம்பி வீட்டில், அவன் பெண்டாட்டிக்குப் பூனை முடி பட்டால் மூச்சு இரைக்கும். அதனால்தானே அது என்னிடம் வந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன்னை அறுவைக்கு அழைத்துப்போன அன்று, வண்டி வாசலில் நிற்க, நீ கூடையை என் கையில் கொடுத்துவிட்டு மூச்சுவிடாமல் சொன்ன குறிப்புகளில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு தட்டையாக இருக்க வேண்டும், மீசை விளிம்பில் இடிக்கக்கூடாது. தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கூடாது. மணல் தட்டு இரண்டுக்கும் தள்ளி. பால் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வெங்காயம் விஷம். நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரை எதுவும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. ஒளிந்துகொண்டால் இழுக்கக்கூடாது. “அந்தச் சால்வையை மட்டும் தொவைச்சுடாதேக்கா. என் வாசம் இருக்கு அதுல. அது இருந்தாத்தான் தூங்கும்” என்றாய். “காலையில கொஞ்ச நேரம் கொஞ்சிப் பேசுக்கா, இல்லேன்னா சோபாவுக்கு அடியிலேருந்து வெளியவே வராது” என்றாய். நீ உன் வீட்டில் விடிந்ததும் அதனிடம் கொஞ்சுவதை நான் கேட்டிருக்கிறேன். அது தமிழும் இல்லை, வேறெந்த மொழியும் இல்லை. நான் பூனையிடம் பேசினால் முழு வாக்கியத்தில்தான் பேசுவேன் என்றேன். “அதுக்கு முழு வாக்கியம் புரியாதுக்கா” என்று நீ தலையை வெளியே நீட்டிக் கத்தி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

சால்வையைத் துவைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். முடி அப்பிக் கிடந்த அந்தத் துணியை அப்படியே என் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. இரண்டு முறை சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கூடையில் வைத்தேன். நீ போர்த்தியபோதுகூட அது அப்படி இருந்ததில்லை. பூனையையும் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டாதே என்று நீ சொல்லவில்லையே. நாம் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது என்ன செய்வார்கள்? பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு, தலையில் பேன் பார்த்து, வெந்நீரில் குளிக்கவைத்த பிறகுதானே படுக்கைக் கூடத்துக்குள் கால் வைக்க விடுவார்கள்? நீகூட ஒரு தடவை தலையை மட்டும் நனைத்துக்கொண்டு நழுவப் பார்த்து மாட்டிக்கொண்டாய். வெளியிலிருந்து வருகிற எந்த ஜீவனுக்கும் என் வீட்டில் அதே சட்டம்தான். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் சோப்பு, எல்லாம் முறைப்படி. முதுகில் சோப்பைத் தேய்த்தேனோ இல்லையோ, அது ஒரு சத்தம் போட்டது பார், தீயணைப்பு வண்டி தோற்றது. குளியலறைச் சன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை இல்லை என்பது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பட்டை அகலத்தில் ஒரு பூனை நுழையும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? சன்னலுக்கு வெளியே வெயில் மறைப்பு, அங்கிருந்து தெரு.

ஒரு காலில் செருப்பும் கையில் துண்டுமாக நான் படியிறங்கி ஓடினேன். நான் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. எதிர்க்கடைத் தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தாள். நின்ற வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சாக்கடை மூடியைக்கூடத் தட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் நெஞ்சு எப்படி அடித்தது என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. நீ கண் விழித்ததும் பேசுவதற்கு உலகத்தில் இந்த ஒரு ஜீவன்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? எனக்கு உன் அத்தானோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. ஒரு குடும்பத்தில் ஒருத்திக்கு அப்படி ஆனது போதும்.

நல்லவேளையாகக் கறிக்கடைக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது. மதில் மேல் பூனை என்று சும்மாவா சொன்னார்கள்! இந்தப் பக்கம் குதிப்பதா, அந்தப் பக்கம் குதிப்பதா என்று அதுவும், கூப்பிடுவதா பிடிப்பதா என்று நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதே சாம்பல் நிறம், அதே கறுப்புக் கோடு. நனைந்து ஓடிய பூனை அதற்குள் முழுக்கக் காய்ந்து பொசுபொசுவென்று இருந்தது. பூனைகள் நக்கியே தங்களைச் சுத்தம் செய்துகொள்ளும், அவற்றுக்குக் குளியலே தேவையில்லை என்று பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். இவ்வளவு சீக்கிரம் காயும் என்று அதில் போடவில்லை. துண்டை வீசிப் பிடித்தேன். முழங்கை வரை அது போட்ட கோடுகளை நீ வந்து பார்க்கலாம்.

அன்றிலிருந்து உன் குறிப்புகளில் ஒன்றும் பிசகவில்லை. பிசகியது பூனைதான். தட்டையான தட்டில் வைத்தேன். அது தட்டிலும் தின்றது, தரையிலும் தின்றது, குப்பைக் கூடையைக் கவிழ்த்தும் தின்றது. இது வாய் ருசி பார்க்கிற பூனை, மூன்று முறை முகர்ந்து பார்த்துத்தான் ஒரு வாய் எடுக்கும் என்று நீ சொன்னாயே! என் ஒழுங்கில் வந்து திருந்திவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தேன். அதைப் பிய்த்துப்போட்டுவிட்டு நாற்காலியில் ஏறிக்கொண்டது. சோபாவுக்கு அடியில் ஒரு நாளும் போகவில்லை. நகம் வெட்ட, பத்திரிகையில் சொன்னபடி துண்டில் சுற்றி, உள்ளே தெரியும் சிவப்பு நரம்பைத் தொடாமல் நுனியை மட்டும் எடுக்கப் போனேன். ஒரு காலில் இரண்டு நகம் முடிந்தது, மற்றதற்குள் துண்டு முடிந்தது. சன்னல் திரையில் முதுகைக் காட்டி நின்று ஒரு காரியம் செய்தது. அந்த வாடை மூன்று முறை துவைத்தும் போகவில்லை. “மிளகு, இறங்கு” என்றால் காதை மட்டும் திருப்பும். நான் என்ன கண்டேன், சொல். உன் வீட்டுக்கு நான் வந்தபோதெல்லாம் அது சோபாவுக்கு அடியில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு அறிமுகமானது ஒரு வாலும் இரண்டு கண்ணும் மட்டுமே.

தடுப்பூசி போட வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண், சுறுசுறுப்பானவள்.

“பேர் என்னங்கம்மா?”

“மிளகு.”

“பையன் நல்லா திடமா இருக்கான்.”

“பெண்” என்று திருத்தினேன்.

“இல்லம்மா, பையன்.”

“நன்றாகப் பாருங்கள்.”

“இதுல நல்லாப் பார்க்க ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா நீங்களே பாருங்க.”

நான் பார்க்கவில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொருவருடைய அந்தரங்கத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. “கருத்தடையும் பண்ணலையே, வெளிய விடாதீங்கம்மா, அப்புறம் தெரு முழுக்க இவன் ஜாடையிலதான் குட்டி திரியும்” என்று வேறு சொன்னாள். நீ அதைப் பெண் என்று நம்பிக் கருத்தடை அறுவை செய்து, ஒரு வாரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னுடைய மருத்துவர் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார். இதைப் பற்றி உன் உடம்பு தேறியபின் பேசுவோம். வீட்டுக்குத் திரும்பும்போது கூடை ஏனோ கனத்தது. கால் ஏனோ மெதுவாகத்தான் நடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரி எதிரே வந்தாள். “பெரியம்மா, அன்னிக்கு நனைஞ்சுக்கிட்டு ஓடுச்சே, கிடைச்சுதா?”

“இதோ இருக்கிறதே.”

குனிந்து பார்த்தாள். “ஐயையோ! இது நம்ம கறிக்கடை ரவுடியாச்சே! இதை எதுக்குப் பெரியம்மா கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போறீங்க?”

“மரியாதையாகப் பேசு. இதன் பெயர் மிளகு.”

சொல்லி வாய் மூடவில்லை, கறிக்கடைக்காரர் கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்து, “டேய் ரவுடி! எங்கடா போய்த் தொலைஞ்சே?” என்று ஒரு குரல் கொடுத்தார். கூடை துள்ளியது. மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை வெளியே வந்து பதில் சொன்னது. பசித்த பூனை, கறிக்கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்பும். அது ஒரு அத்தாட்சி ஆகாது.

“அது நம்ம ஆளுங்கம்மா” என்றார்.

“உங்கள் ஆள் என்றால் ஏன் உங்கள் கடையில் இல்லை?”

“நீங்க வச்சிருக்கீங்களே, அதான்.”

இதை ஒரு பதிலாக நான் ஏற்கவில்லை. விறுவிறுவென்று வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தம்பி பெண்டாட்டிக்கு உடை தைப்பவளும் இந்தத் தையல்காரிதான். அளவெடுக்கப் போன இடத்தில் செய்தியையும் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் நாக்குக்கு ஒரு பொத்தான் வைத்துத் தைக்க ஆளில்லை. இதுதான் உன் காதுக்கு வந்த கதையின் முழு வரலாறு.

ஆகவே நீ கண்ணைத் துடைத்துக்கொள். பூனை இருக்கிறது. இரண்டு வேளையும் சாப்பிடுகிறது. பல வேளை சாப்பிடுகிறது. பெண்ணா ஆணா என்ற சில்லறை விவகாரத்தைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. நாளைக் காலை மருத்துவர் சொல்கிறபடி எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நட. தம்பிக்கு என் ஆசி. அவன் பெண்டாட்டிக்கும் ஆசி, தொலைபேசியைக் கீழே வைக்கும் நேரங்களில். உனக்கு நீண்ட ஆயுளும் நேரான முதுகும் வாய்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மேலே எழுதியதில் உன் நடையைப் பற்றியும் ஆசியைப் பற்றியும் உள்ளதை மட்டும் வைத்துக்கொள். மற்றதை நீ படிக்கவில்லை.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது கதவு தட்டும் சத்தம். தையல்காரி, கையில் ஒரு துண்டுத்துணி மூட்டை. அவள் கடைக்குப் பின்னால் வெட்டுத்துணி போட்டுவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அவளுடைய மதியச் சாப்பாட்டு மீன் அடிக்கடி காணாமல் போக, புருஷனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்று துணியைக் கிளறியபோது உள்ளே ஏதோ சீறியதாம். “பெரியம்மா, கோபப்படாதீங்க, ஒரு தடவை பார்த்துடுங்க” என்று மூட்டையைத் தரையில் வைத்துப் பிரித்தாள். இளைத்துப்போன ஒரு சாம்பல் பூனை. முதுகில் முடி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். அது என் சோப்பு. நான் வாய் திறப்பதற்குள் அது ஒரே பாய்ச்சலில் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஒரு வால், இரண்டு கண். எனக்கு அறிமுகமானவை.

நாற்காலிக்காரரைக் கறிக்கடையில் ஒப்படைத்துவிட்டேன். “ஊசியெல்லாம் போட்டு அனுப்பியிருக்கீங்க, நன்றிம்மா” என்றார் அந்த மனிதர். தையல்காரியைப் பற்றி மேலே எழுதிய வரிகளை, குறிப்பாகப் பொத்தானை, அடித்துவிடு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவளே அவள்தான்.

மிளகு தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் சால்வையை நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதில் இஸ்திரிப் பெட்டியின் வாசம்தான் இருக்கிறது. “மிளகு, தயவுசெய்து வெளியே வந்து உணவு உட்கொள்” என்று சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, அதற்கு முழு வாக்கியம் புரியவில்லை. பூனை ரொம்பப் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், ஆனால் இழுக்காதீங்க, தெரிந்தவங்க வாசம் பட்டால் தானே வரும் என்று அந்தக் கால்நடை மருத்துவர் பெண் சொல்கிறாள். அதனால் இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் கூப்பிட்டால் தம்பி பெண்டாட்டிதான் எடுப்பாள். தொலைபேசிக்கு வாசமும் கிடையாது. ஆகவே நீ படுக்கையைவிட்டு எழுந்து, மேசை வரை நடந்துபோய், காலையில் அதனிடம் நீ சொல்லும் அந்தக் கொஞ்சல் மொழியை ஒரு எழுத்து விடாமல் எழுது. இலக்கணம் பார்க்க மாட்டேன். தையல்காரியை வெளியே நிறுத்திவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் படுத்து, சத்தமாகப் படிக்கிறேன். படித்துவிட்டுக் காகிதத்தை உள்ளே தள்ளிவிடுகிறேன். நீ எழுதி முடிக்கும்வரை தையல்காரி அங்கே தம்பி வீட்டு வாசலில் காத்திருப்பாள். பதிலை அவள் கையிலேயே கொடு. கைப்பட எழுது. எழுதுவதற்கு முன் கை கழுவாதே.