அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவைப் 'பொறுப்புடன்' பயன்படுத்தும் கொள்கையைக் கண்டவர்கள் யார் என்பதில் வரலாற்றுக்குச் சந்தேகமே வரக்கூடாது. நாங்கள்தான். குடிநீர் அலுவலகம், இரண்டாம் மாடி, ஜெராக்ஸ் மெஷினை ஒட்டிய அறை. கொள்கைக் குழுவின் செயலாளர் அடியேன்.

இந்த மாபெரும் கொள்கைக்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். புகார்களுக்குப் பதில் எழுத எங்கள் அலுவலகத்தில் ஓர் இயந்திரம் வந்திருந்தது. பணிவில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. "குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது" என்று எழுதியவருக்கு, "சீரான காற்று விநியோகம் குறித்த தங்கள் பாராட்டுக்கு நன்றி" என்று பதில் போட்டது. அவர் மறுபடி எழுதவில்லை. புகார் தீர்ந்ததாகப் பதிவு செய்தோம்.

பிறகு ஓர் அம்மா எழுதினார். கணவர் இறந்துவிட்டார், இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இயந்திரம் ஆழ்ந்த மகிழ்ச்சியைத் தெரிவித்துவிட்டு, "மேற்படி கணவர் அடையாள அட்டையுடன் நேரில் வரவும்" என்றது.

அந்த அம்மா வந்தார். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார்.

"நேர்ல வரச் சொல்லியிருந்தீங்க. இவ்வளவுதான் கூட்டிட்டு வர முடிஞ்சுது."

போட்டோவில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இயந்திரம் எழுதிய அந்தக் கடிதத்தின் அடியில் 'படித்துப் பார்த்தேன்' என்ற முத்திரையும் ஒரு கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து என்னுடையது. அது இங்கே முக்கியமில்லை.

விஷயம் மேலிடம் வரை போய், அங்கிருந்து ஓலை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பான பயன்பாட்டுக் கொள்கை வகுக்க வேண்டும். நடந்த தவறுக்குப் பொறுப்பானவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும்.

குழு கூடியது. இயக்குநர், வக்கீல், நான்.

"முதல்ல பொறுப்பு யாருன்னு சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"நான்தான் பொறுப்பு" என்றார் இயக்குநர்.

அறை நெகிழ்ந்துபோனது. எனக்குக் கண்கூடக் கலங்கியது.

"வாசல் போர்டுல போட்டிருக்கே, பாக்கலையா? இயக்குநர், அடைப்புக்குறிக்குள்ள 'பொறுப்பு'. நிரந்தர ஆள் வர்ற வரைக்கும் நாற்காலியப் பாத்துக்கறேன், அவ்வளவுதான். ஆறு வருஷமா பாத்துக்கறேன். நான் வெறும் பொறுப்பு. எனக்கு எப்படிப் பொறுப்பு வரும்?"

என்ன தெளிவு! எனக்கும் தைரியம் வந்தது.

"நானும் கண்காணிப்பாளர், பொறுப்புதான் சார்."

"அட, நானும் சட்ட ஆலோசகர், பொறுப்புங்க" என்றார் வக்கீல்.

எங்கள் அலுவலகத்தில் பொறுப்பு இல்லாத அதிகாரியே கிடையாது. அதனால் பொறுப்பேற்க ஆளும் கிடையாது. பதவிப் பட்டியலைத் துருவியதில், அடைப்புக்குறி இல்லாத ஒரே ஒருவர் கிடைத்தார்: தபால் பிரிவு எழுத்தர். கடிதங்களை உறையில் போட்டு ஒட்டுகிற அம்மா.

கூப்பிட்டு, தவறுக்கு அவரே பொறுப்பு, வேலை போகிறது என்று சொன்னோம்.

"சார், ஒட்டறதுதான் என் வேலை. எங்கிட்ட யாரும் படிக்கக் குடுத்ததே இல்ல. அதுல இருக்கறது உங்க கையெழுத்து."

"இப்ப கையெழுத்தாம்மா பெரிசு? கொள்கையப் பாருங்க."

"எம் பொண்ணு இப்பதான் காலேஜ்ல சேர்ந்திருக்கா. இந்த வேலைய விட்டா எனக்கு வேற வழியில்ல சார்."

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டப்படக்கூடாது என்று எந்த விதியும் இல்லாததால் ஐந்து நிமிடம் கஷ்டப்பட்டேன்.

கொள்கை பதினான்கு பக்கம். நாற்பது விநாடியில் தயாரானது. யார் எழுதினார்கள் என்று கேட்பது பண்பல்ல. அதில் இரண்டு விதிகளைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம். விதி மூன்று: இயந்திரம் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் தபால் பிரிவு எழுத்தர் வரிவரியாகப் படித்து, தகவல் பிழை இருந்தால் திருத்திய பிறகே கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். (படிக்கிற வேலையை வேறு யாரும் கேட்டு வாங்கவில்லை. அந்த நாற்காலிக்கு அடுத்து வருகிறவர் படிக்கட்டும் என்று விட்டோம்.) விதி நான்கு: அப்படி ஒரு மனிதர் படித்துத் திருத்திய கடிதம் இறுதியானது, யாராலும் திரும்பப் பெற முடியாது.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் பணிநீக்கக் கடிதத்தை எழுதியது. 'இறந்தவரை நேரில் வரச் சொன்ன கடிதத்தைப் படிக்காமலேயே, படித்ததாகக் கையெழுத்திட்ட குற்றத்துக்காக, தபால் பிரிவு எழுத்தராகிய தங்களை இன்றுமுதல் பணியிலிருந்து நீக்குகிறோம்.'

விதி என்றால் விதி. அந்த அம்மாவின் பணிநீக்கக் கடிதத்தை அந்த அம்மாவுக்கே படிக்க அனுப்பினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு முறை படித்தார். அப்புறம் ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார்.

கால் மணி நேரத்தில் புதிய பிரதியோடு வந்து நின்றார்.

"படிச்சிட்டேன் சார். ஒரே ஒரு தகவல் பிழை. திருத்திட்டேன்."

"போற நேரத்துலயும் இவ்வளவு கடமையாம்மா!"

மனம் உருகிவிட்டது. உருகிய மனத்தோடு முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் போனில் பேசிக்கொண்டே போட்டார். அந்த அம்மா உறையில் போட்டார், ஒட்டினார்.

திங்கட்கிழமை காலை அந்த உறை என் மேஜைமேல் இருந்தது. பிரித்தேன். 'தபால் பிரிவு எழுத்தராகிய' என்ற இடத்தில் 'கண்காணிப்பாளர் (பொறுப்பு) ஆகிய' என்றிருந்தது. மற்றபடி ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். வக்கீலும் அங்கே இருந்தார்.

"சார், இதப் படிச்சீங்களா?"

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு போட்டேன்."

"நீங்க படிப்பீங்கன்னு நான் போட்டேன் சார்! உடனே திரும்ப வாங்குங்க!"

"விதி நாலு" என்றார் வக்கீல், கூரையைப் பார்த்தபடி.

"நான் என்னங்க பண்ண முடியும்?" என்றார் இயக்குநர். "நான் வெறும் பொறுப்புதானே."

என் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டேன். அந்த அம்மா வந்து பெட்டியை ஒட்டிக் கொடுத்தார். நன்றாக ஒட்டுகிறவர்.

எங்கள் கொள்கையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நம்பாதீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் நான் முழுதாகப் படித்த முதல் அலுவலகக் கடிதம் அதுதான். ஒரு பிழைகூட இல்லை.