ஐந்தாவது குளியல்

எங்கள் வீட்டுக்காரர் சபதம் போட்டால் நான் முதலில் பார்ப்பது அடுப்பில் பால் இருக்கிறதா என்றுதான். போன சபதத்தின்போது நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு லிட்டர் பொங்கிப் போனது. அந்தச் சபதம் தினமும் காலையில் நடைப்பயிற்சி போவது. செருப்பு வாங்கினார். செருப்பு இன்னும் புதுசாகவே இருக்கிறது.

இந்த முறை பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்து நின்றேன்.

"சொர்ணா, கேட்டுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, பன்னி விலா எலும்பு. புகை போட்டது. நானே பண்றேன். நீ ஒரு கை உதவி கூடப் பண்ணக்கூடாது. ஒரு வார்த்தை யோசனை கூடச் சொல்லக்கூடாது."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சமைத்தது ஒரே ஒரு தடவை வெந்நீர். அதையும் அடி பிடிக்க வைத்தவர்.

காரணம் எங்கள் மகன் மகேந்திரன். அப்பாவுக்கு அறுபது முடிந்ததென்று பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். பிரித்துப் பார்த்தால் பீங்கானில் ஒரு கிரில் அடுப்பு. ஊறுகாய் ஜாடி போல வயிறு பெருத்து, தலையில் கனமான மூடி, மூடியின் நெற்றியில் சூடு காட்டும் முள். அவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். "ரெண்டு பேர்ல யாருப்பா கிரில்?" என்று பதில் வந்தது. அன்றைக்கே ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகள் மோகனப்ரியாவும் சாப்பிட வருகிறார்கள். அவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அவர் கவலை.

என் கவலை வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு டெங்கு. ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போக, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சாமுண்டியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். "தாயே, இவரைப் பிழைக்க வை. உன் மலையில் ஆயிரம் படிக்கும் இவர் கையாலேயே மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்றேன்" என்று. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இவர்தான் செய்யவில்லை. முழங்கால் வலி என்பார். மழை என்பார். கிரிக்கெட் என்பார். "நான் மயக்கத்துல கிடக்கறப்ப என் முழங்காலை அடகு வெச்சுட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேரில் வேண்டியதை நான் போய்த் தீர்க்கவும் முடியாது. மூன்று வருஷமாகப் பூஜை அலமாரியில் மஞ்சள் டப்பாவும் குங்குமச் சிமிழும் என்னைப் பார்த்தபடியே இருந்தன.

அதனால் கேட்டேன். "உதவி கேட்டுட்டா என்ன பண்ணுவீங்க?"

"கேட்கவே மாட்டேன்."

"கேட்டுட்டா?"

"கேட்டா அடுத்த வெள்ளிக்கிழமை உன் மலை ஏறுறேன். ஆயிரம் படிக்கும் குனிஞ்சு குங்குமம் வைக்கறேன். கேட்கலைன்னா நீ அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. உண்டியல்ல எதையாவது போட்டுச் சாமியைச் சரிக்கட்டிக்கோ."

அம்மனைச் சரிக்கட்டுவதாம்! காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும், "சரிங்க" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாடம். யூடியூப்பில் பார்த்ததை எனக்குப் பதினோரு தடவை நடத்தினார். "பாரு, கீழ ஒரு ஜன்னல், மேல ஒரு ஜன்னல். கீழ திறந்தா சூடு ஏறும், மூடினா நிக்கும். நூத்திப்பத்து டிகிரி. அதுலயே அஞ்சு மணி நேரம். தூங்குற மாதிரி வேகணும். இந்தப் பீங்கான் இருக்குதே, சூடு தலைக்கு ஏறிடுச்சுன்னா சீக்கிரத்துல இறங்காது."

"உங்க மாதிரியா?"

"குறுக்க பேசாத."

கறியும் சாதாரணக் கறி இல்லையாம். ஹனூர் பக்கம் காட்டோரத்தில் மேய்கிற கறுப்பு நாட்டுப் பன்றியாம். வெள்ளைப் பண்ணைப் பன்றி எல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாதாம். ராமாபுரத்தில் அவருடைய சிநேகிதர் ஜடையன் வளர்க்கிறார். அவர் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினார். பெண் பார்க்கப் போனபோது கூட இவர் இவ்வளவு சீக்கிரம் பஸ் நிலையத்துக்குப் போனதில்லை.

சனிக்கிழமை எனக்கு என்னவோ ஜன்னல் திரை, போர்வை, கால்மிதி எல்லாவற்றையும் துவைக்கவேண்டும் என்று தோன்றியது. துவைத்துப் போட்டேன். சாயங்காலம் விளக்கேற்றி, அம்மன் பாட்டை இரண்டு முறை படித்துவிட்டுப் படுத்தேன்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். பூஜை அலமாரி சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பன்றிக்கறி தொட்டவர்கள் தலைக்குக் குளிக்காமல் சமையலறை வாசற்படி தாண்டக்கூடாது. இதை நான் போடவில்லை. என் மாமியார் போட்டது. அம்மா பேச்சைத் தட்டாத மகன் என்று பேர் வாங்கியவர் இவர். ஆகவே இன்றுவரை மீறியதில்லை. ஆட்டுக்கறி, கோழி பற்றி மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பன்றிக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மொட்டை மாடியில் மேஜை போட்டு, மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, பெட்டியைப் பிரித்தார். விலா எலும்பின் பின்பக்கம் இருக்கும் சவ்வை உரித்தார். அதற்கே அரை மணி ஆனது. பிறகு போனில் இருந்த வெள்ளைக்காரர் உப்பும் மிளகும் தடவச் சொன்னார்.

உப்பும் மிளகும் சமையலறையில் இருந்தன.

மாடிப்படி இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். கை இரண்டையும் தூக்கிப் பிடித்திருந்தார், ஆபரேஷன் பண்ணப் போகும் டாக்டர் மாதிரி. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சொர்ணா..."

"ஏனுங்க? ஏதாச்சும் வேணுமுங்களா?"

வாயைத் திறந்தார். மூடினார். "ஒண்ணுமில்ல. கீரை நல்லா இருக்கான்னு பார்த்தேன்."

நேராகப் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். தலைக்கு ஊற்றிக்கொண்டு, புது லுங்கி கட்டிக்கொண்டு, சமையலறைக்குள் கம்பீரமாக வந்து, உப்பையும் மிளகையும் எடுத்துக்கொண்டு போனார். அது முதல் குளியல்.

இருபது நிமிஷம் கழித்து வெள்ளைக்காரர் சர்க்கரை தடவச் சொன்னார். நாட்டுச் சர்க்கரை டப்பா என் தலைக்கு மேல் இருந்தது. இரண்டாவது குளியல்.

கரி அடுக்கினார். பக்கத்து வீட்டுக் கௌரம்மா போன வாரம் வெட்டிப் போட்ட காய்ந்த கொய்யாக் கிளையை நாலு துண்டாக்கி நடுவில் வைத்தார். தீப்பெட்டி பூஜை அலமாரியில் இருந்தது. மூன்றாவது குளியல்.

வேண்டியதையெல்லாம் முதலிலேயே எழுதி, ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். யோசனை சொல்லக்கூடாதே! கீரையை ஆய்ந்தேன்.

பத்து மணிக்கு ஈரத்துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவர் மோடாவில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றிப்பத்தில் முள் நின்றது. இவர் மூச்சும் நின்றது போலத்தான் இருந்தது. மெல்லிசாக நீலப்புகை. பொய் சொல்லக்கூடாது, வாசனை நன்றாகவே இருந்தது.

அடுத்த மாடியில் கௌரம்மா தலை தெரிந்தது. சுத்த சைவம். வெங்காயம் கூடக் கார்த்திகை மாசம் சேர்க்கமாட்டார். கன்னடக்காரர்தான், என்னோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"கிருஷ்ணராஜ் சார்! என்ன, ஹோமமா?"

கொடியில் தொங்கிய மூன்று ஈர லுங்கியைப் பார்த்தார். இவர் நெற்றியில் என் அலமாரியிலிருந்து அவசரத்தில் ஒட்டிய விபூதியைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மூணு தடவை ஸ்நானம் பண்ணி ஹோமம்! எங்க பையன் பசவராஜுக்கு ஒரு தடவை குளிக்கவே சொல்லிக் கொடுக்கணும். உள்ள என்ன சார் போட்டிருக்கீங்க?"

அவருக்கு முகம் வெளுத்துப் போனது. "பன்னி... பன்னி..." என்றார்.

கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாங்க' என்று அர்த்தம். அன்றைக்கு அவர் எந்தப் பாஷையில் சொன்னார் என்பது அம்மனுக்குத்தான் தெரியும்.

"இருக்கட்டும் சார், இன்னொரு நாள் வர்றேன். பூஜையைக் கெடுக்கக்கூடாது" என்று கும்பிட்டுவிட்டுக் கௌரம்மா போனார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவருக்கு உதவியா உபத்திரவமா என்று தெரியவில்லை.

பத்தரைக்கு வெள்ளைக்காரர் கறியை அலுமினியத் தாளில் சுற்றச் சொன்னார். நாலாவது குளியல். இந்தத் தடவை தும்மல் வந்தது. ஆனால் கண்ணில் ஒரு வெறி. "கண்டிப்பா ஜெயிக்கறேன் பாரு" என்று தாள் சுருளை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக் கூட இருந்தது. அலமாரியைப் பார்த்தேன். குங்குமச் சிமிழ் என்னைப் பார்த்தது. பாவம் போய்விட்டது.

பன்னிரண்டே கால். தாளைப் பிரித்து, கடைசியாகக் கொஞ்சம் சூடு ஏற்றி, மேலே புளிப்புத் தடவி இறக்கவேண்டும். அதற்கென்றே குடகிலிருந்து கச்சம்புளி வாங்கி வைத்திருந்தார். கறுப்பாக, தார் மாதிரி, நாக்கைச் சுண்டும் புளிப்பு. தாளைப் பிரித்துக் கறியைத் திரும்ப நெருப்பின் மேல் வைத்து, கீழ் ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பாட்டிலைத் தேடினார்.

பாட்டில் சமையலறையில் இருந்தது.

தடதடவென்று இறங்கினார். கதவு சாத்தும் சத்தம். தண்ணீர் சத்தம். சோப்புப் பெட்டி விழும் சத்தம். அப்புறம் குழாய், சளி பிடித்த மாதிரி ஒரு இருமல் இருமியது. அதோடு சரி.

"சொர்ணா!"

"சொல்லுங்க." குளியலறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

"தண்ணி நின்னு போச்சு."

"அப்படீங்களா."

"என்ன அப்படீங்களா?"

"தகவல் சொன்னீங்க. கேட்டுக்கிட்டேன்."

குழாயை நாலு தடவை திருகிப் பார்த்த சத்தம். "நான் உதவி கேட்கலை. சும்மா தெரிஞ்சுக்கறதுக்குக் கேட்கறேன். தண்ணி மோட்டார்னு ஒண்ணு நம்ம வீட்டுல இருக்குதா?"

"இருக்குதுங்க. சுவிட்ச் சமையலறையில, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல."

"அதை யாராச்சும் போட்டா நல்லா இருக்கும் இல்ல?"

"நல்லா இருக்கும்."

"தலை பூரா சோப்பு, சொர்ணா. கண்ணு எரியுது."

"எனக்கு மனசு எரியுதுங்க. மூணு வருஷமா."

மாடியிலிருந்து சடசடவென்று சத்தம். கொழுப்பு நெருப்பில் சொட்டுகிறது. கௌரம்மா குரல் வந்தது. "சார்! ஹோமம் ஜாஸ்தி ஆயித்து! புகை கறுப்பா வருது!"

உள்ளே ஒரு குதி குதித்த சத்தம். "ஐயோ! கீழ் ஜன்னல் திறந்தே கிடக்குது! சூடு தலைக்கு ஏறிடும்! பையன் வந்துடுவான்! அஞ்சு மணி நேரம் சொர்ணா, அஞ்சு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்!"

நான் கண்ணை மூடி அம்மனை நினைத்தேன்.

"சரி! போடு! மோட்டார் போடு!"

"கேட்கறீங்களா?"

"கேட்கறேன்!"

"என்ன கேட்கறீங்க?"

"உதவி! உதவி! உதவி! தெருவுக்கே கேட்டுருச்சு, போதுமா?"

உதவி என்று கேட்ட பிறகு அரைகுறையாகச் செய்யக்கூடாது. மோட்டாரைப் போட்டேன். மாடிக்கு ஓடினேன். பதினோரு தடவை பாடம் கேட்டவள் அல்லவா? கீழ் ஜன்னலை அடைத்தேன், மேல் ஜன்னலை அடைத்தேன். நூற்றைம்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த முள் தயங்கி, நின்று, திரும்பியது. கறியை நான் தொடவில்லை. கச்சம்புளி பாட்டிலையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஒரு மணிக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். வாழையிலையில் விலா எலும்பு கறுத்துச் சிவந்து மினுங்கியது. மகேந்திரன் ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தான். சதை தானாகக் கழன்று வந்தது.

"அப்பா! சூப்பர்ப்பா! நிஜமா நீங்களா பண்ணினீங்க?"

உலர்ந்த லுங்கி எல்லாம் தீர்ந்து, துண்டு கட்டிக்கொண்டு நின்ற மனுஷர் நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? காலையில ஆறு மணியிலிருந்து ஒத்தை ஆளா, யார் உதவியும் இல்லாம..."

நான் குங்குமச் சிமிழை எடுத்துவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"...அம்மா கொஞ்சம் மோட்டார் போட்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மலையடிவாரம். அக்ரஹாரத்துக் கடையில் வாங்கிய புது மஞ்சளும் சேர்த்து இரண்டு தட்டு. நான் தட்டைப் பிடிக்க, அவர் குனிந்தார். மஞ்சள், குங்குமம், நிமிர்வு. மஞ்சள், குங்குமம், நிமிர்வு. கௌரம்மாவும் கூட வந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை ஹோமம், வெள்ளிக்கிழமை படி பூஜை. இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்ல" என்று மேலே ஏறிப் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். இரண்டு பேர் இவர் காலில் விழுந்துவிட்டார்கள்.

வழியில் இருக்கும் பெரிய நந்தி சிலை வரைக்கும் வந்ததும் அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கௌரம்மா நந்தியைச் சுற்றப் போனார். இவர் வெகு நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"சொர்ணா, நம்ம டாங்க் ஆயிரம் லிட்டர். நாலு குளியல்ல எப்படித் தீர்ந்துச்சு?"

"தீராதுங்க."

"பின்ன?"

"தினமும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு நான் மோட்டார் போடுவேனுங்க. அன்னைக்குப் போடலை. முந்தின நாள் திரையெல்லாம் வேற துவைச்சேன் இல்லீங்களா."

"ஏன் போடலை?"

"நீங்கதானே ஒரு கை உதவி கூடப் பண்ணக்கூடாதுன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நந்தியைப் பார்த்தார். மீதமிருந்த முந்நூறு படியைப் பார்த்தார். ஆனாலும் சபதம் போடுகிற வாய் சும்மா இருக்குமா? முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் போடறேன். அப்ப தண்ணி நின்னா உன்னைக் கூப்பிடவே மாட்டேன். மோட்டாரை நானே போட்டுக்குவேன்."

"தாராளமாப் போடுங்க" என்றேன். "சுவிட்ச் சமையலறையில இருக்குது. தலைக்குக் குளிச்சுட்டு வந்து போடுங்க."