கண்ணை மூடச் சொன்ன காரணம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் ‘அடுப்பில்லா அடுக்களை’ என்ற தலைப்பில் உடல்நலத்தையும் நன்றியுணர்வையும் பற்றி எழுதிவரும் பச்சை உணவுச் சமையல்காரன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தங்கள் அன்பான கடிதம் கிடைத்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே பாராட்டு. என் மனைவி அதை உரக்கப் படித்துக் காட்டினாள். நான் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் கடையில் நடந்த நம் வாசகர் விருந்தில், தங்கள் உரை முடியும் நேரத்தில், எல்லாரையும் கண்ணை மூடவைத்து உணவுக்கு மௌனமாக நன்றி சொல்லவைத்தோமே, அந்த நிமிடங்கள் தங்களை உலுக்கிவிட்டன என்றும், தாங்கள் வாய்விட்டு அழாத குறை என்றும், அந்த அனுபவத்தையே அடுத்த இதழுக்குக் கட்டுரையாக்கித் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

போன இதழில் நான் எழுதியது தங்களுக்கு நினைவிருக்கும். ‘சளி என்பது அடுப்பு பெற்ற பிள்ளை, அடுப்பை அணைத்தவன் வீட்டுக்கு அது வழி தெரியாமல் திண்டாடும்’ என்று எழுதியிருந்தேன். தாங்களும் அதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டீர்கள். அந்த இதழ் கடைகளில் தொங்கத் தொடங்கிய வாரமே அது வழி கண்டுபிடித்து வந்துவிட்டது. என்னிடம் காய் நறுக்கும் அம்மா முதலில் தும்மினார், பிறகு லீவு போட்டார், போகும்போது அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வெறும் சளியாக இருந்தால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன். விருந்துக்கு முந்தின நாள் கொத்தமல்லிக் கட்டை எடுத்து முகர்கிறேன், ஒன்றுமே இல்லை. இஞ்சியைத் தட்டி மூக்கருகே வைக்கிறேன், ஒன்றுமே இல்லை. எலுமிச்சையை அறுத்துக் கடித்தேன். நனைந்த பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. மூக்கும் போய், நாக்கும் போய், முகத்தில் சும்மா இரண்டு ஓட்டையும் ஒரு வாயும்தான் மிச்சம்.

ஆசிரியர் அவர்களே, அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு நெருப்பு ஒரு காவல்காரன். ஏதாவது ஒன்று லேசாகக் கெட்டிருந்தாலும் கொதிக்க வைத்துச் சமாளித்துவிடலாம். எங்கள் தொழிலில் அந்தக் காவல் கிடையாது. ஊறவைத்த பருப்பு முளைவிட்டிருக்கிறதா, அழுகியிருக்கிறதா, அரைத்த முந்திரி தாங்குமா, தாங்காதா, எல்லாவற்றுக்கும் மூக்குதான் நீதிபதி. அந்த நீதிபதி லீவில் இருக்கும்போது கடையைத் திறக்கவே கூடாது. விருந்தைத் தள்ளிவைக்கலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். தாங்கள் ‘ஏன்’ என்று கேட்பீர்கள். ‘சளி’ என்று சொல்ல வேண்டும். எடுத்த தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றேன். சமையற்கட்டுச் சுத்தத்துக்கு அதுவே முன்மாதிரி என்று தாங்கள் உரையில் என்னைப் புகழ்ந்தீர்கள். துணிக்குள்ளே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

விருந்தின் கடைசிப் பதார்த்தம், ஊறவைத்த முந்திரியை அரைத்துச் செய்த க்ரீம், மேலே பழத் துண்டுகள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதை மட்டும் கண்ணாடிக் கப்புகளில் ஊற்றி முன்கூட்டியே மேசை முழுக்க அடுக்கிவிட்டேன். வாசகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தாங்கள் எழுந்து பேசத் தொடங்கினீர்கள். மேலே தூவப் புதினா எடுக்கலாமென்று உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் இரண்டு சீட்டுகள் ஈரத்தில் கழன்று விழுந்து கிடந்தன. ஒன்றில் ‘இன்று அரைத்தது’. இன்னொன்றில் ‘பழையது, கொட்டணும்’. காய் நறுக்கும் அம்மாவின் பழக்கத்தைப் பார்த்து நானும் ஒட்டிய சீட்டுகள். போன வாரம் கரண்ட் போனபோது கெட்டுப்போன முந்திரி க்ரீம் ஒரு டப்பா, கொட்ட மறந்து, அதே தட்டில் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா. ஒன்று காலி, கப்புகளுக்குப் போய்விட்டது. ஒன்று நிறைய இருக்கிறது. எது எது?

நிறைய இருந்ததை எடுத்து மூக்கோடு ஒட்ட வைத்து உறிஞ்சினேன். வெறும் காற்றுதான் வந்தது. ஒரு விரல் தொட்டு நக்கினேன். பஞ்சு. திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தால், முன் வரிசையில் ஒரு தாத்தா கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர். தாங்கள் அப்போது ‘மண்ணும் மனிதனும்’ என்ற இடத்துக்குத்தான் வந்திருந்தீர்கள். நீளமாகப் பேசுவீர்கள் என்று தங்களைப் பற்றிப் பலர் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று நான் சுவரில் தலையைச் சாய்த்து, ‘இன்னும் பேசுங்கள் ஐயா, ஆகாயம்வரை போங்கள்’ என்று மன்றாடினேன்.

என் மனைவி பக்கத்துத் தெருவில் கண் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சொட்டு மருந்து விடுவதும் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் ஒரு வாய் தொட்டதில்லை. “உங்களை நம்பித்தான் கட்டிக்கிட்டேன், உங்க முட்டைக்கோஸை நம்பி இல்ல” என்பாள். அவளுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, உடனே கடைக்கு வா.”

“ஒருத்தருக்குச் சொட்டு விட்டு உக்கார வெச்சிருக்கேன். என்ன விஷயம்?”

“மூக்கு வேணும்.”

“என்னது?”

“உன் மூக்கு வேணும். ஓடி வா!”

பின்கதவு வழியாக வந்தாள். செருப்பில் ஒன்று வழியிலேயே அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காலி டப்பாவை முகர்ந்தாள். நிறைந்த டப்பாவை முகர்ந்தாள். மறுபடி காலி டப்பா. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

“இதுதான் கெட்டது” என்று காலி டப்பாவைக் காட்டினாள்.

“நெஜமா?”

“நெஜமா.”

“கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாத்துடேன்.”

“அது மட்டும் நடக்காது.”

அதாவது, கெட்டது மேசைமேல் இருக்கிறது. நல்லது என் கையில் இருக்கிறது.

“போய் உண்மையைச் சொல்லிட்டுக் கப்பை எல்லாம் எடுத்துடுங்க” என்றாள் அவள்.

“சளி பிடிச்சவன் சமைச்சதுன்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிடுவாங்கம்மா. நம்ம கடையை மூட வேண்டியதுதான்.”

“வயித்தைப் புடிச்சுக்கிட்டு விழுந்தா மட்டும் தொறந்து வெப்பாங்களா?”

அதற்குள் தங்கள் குரல் உயர்ந்தது. “ஆகவே அன்பர்களே, இனி உண்போம்!” கரண்டிகள் கப்பில் படும் சத்தம் கேட்டது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு ஓடி, “ஒரு நிமிஷம்!” என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாங்களும் பார்த்தீர்கள். “நன்றி…” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கை கூப்பியபடி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத்தான் தாங்கள் ‘உணர்ச்சிப் பெருக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பின்னாலேயே வந்தாள் என் மனைவி. “எல்லாரும் கண்ணை மூடுங்க” என்றாள். ஆசிரியர் அவர்களே, அந்தக் குரலைத் தாங்கள் கேட்டீர்கள். தினமும் எத்தனையோ பேரை அந்த ஒரே குரலில் கண்ணை மூடவைக்கிறவள். “நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. கசக்கவும் கூடாது.” மறுபேச்சு இல்லாமல் அத்தனை பேரும் மூடினார்கள். தாங்கள்தான் முதலில் மூடினீர்கள்.

அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேசையோரமாக நடந்தாள். நடக்க நடக்கக் கப்புகளை எடுத்து அடுக்கினாள். நான் உள்ளே புதுக் கப்புகளில் நல்ல க்ரீமை ஊற்றி, பழத் துண்டு போட்டு, அவள் பின்னாலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அவசரத்தில் கப்பும் கப்பும் மோதின.

“என்ன சத்தம் அது?” என்றார் ஒரு பெண்மணி, கண்ணைத் திறக்காமல்.

“வெளிய கவனிக்காதீங்க. உள்ள போங்க” என்றாள் என் மனைவி. “முந்திரி மரத்துக்கு நன்றி சொல்லுங்க. அதை நட்டவருக்கு நன்றி சொல்லுங்க. அவர் பொண்டாட்டிக்கும் சொல்லுங்க, அதை யாருமே சொல்றதில்ல.”

யாரோ விசும்பினார்கள். பார்த்தால், தாங்கள்.

மேசையின் கடைசியில் ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஆஜானுபாகுவான மனிதர், கப்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்தார். என் மனைவி மெல்ல இழுத்தாள். அவர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஒரு கண் திறந்தது. அது அவளைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அவள் அவர் காதருகே குனிந்து, “சொட்டு மருந்து வெளிய வந்துடும்” என்றாள். பழக்க தோஷம். அவர் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு கப்பை விட்டார்.

தங்கள் கப்பைத்தான் கடைசியாக எடுத்தோம். தாங்கள் நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தீர்கள். அது சுலபமாகப் போயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியும். எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள். தாத்தா இன்னொரு கப் கேட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்தபடி படியிறங்கிப் போன பிறகு, சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் எடுத்து வந்த கப்புகளையெல்லாம் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். இரண்டு டப்பாவையும் தேய்த்துக் கவிழ்த்தாள். அறுந்த செருப்போடு நொண்டிக்கொண்டே மறுபடி வேலைக்குப் போனாள்.

மாதாமாதம் நன்றியைப் பற்றி எழுதுகிறேன். சூரியனுக்கு, மழைக்கு, வெள்ளரிக்காய்க்கு, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் வயிறு நிறைந்த நிம்மதியில் சொன்னேன். அன்று அந்தத் தரையில் உட்கார்ந்துதான், பயந்து, வேர்த்து, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நடுங்கிக்கொண்டு சொன்னேன். பிறகு ஒரு நாள் காலையில் என் மூக்கு திரும்பி வந்தது. முதலில் வந்த வாசனை, எதிர்வீட்டில் யாரோ எண்ணெயில் வெங்காயம் வதக்குவது. அடுப்பின் பரம எதிரியான நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு மூச்சாக இழுத்தேன். “அடுத்தவங்க வீட்டுச் சமையலைப் பாதி நீங்களே மோந்து தீர்த்துடாதீங்க” என்றாள் அவள்.

ஆகவே, அடுத்த இதழில் என் பக்கத்தில், சளியைப் பற்றி நான் எழுதியது தவறு என்று மட்டும் போடவும். அதையும் கட்டம் கட்டிப் போடவும். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் என்னிடமே இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் வருத்தமில்லை. யாருக்கும் கெடுதல் நேரவில்லை. என் மனைவியின் மூக்கு அத்தனை பேரையும் காப்பாற்றியது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சகத்தில் உள்ளவர்களும், வாசக அன்பர்களும் நோய் நொடியின்றி நீடூழி வாழ மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அடுப்பில்லாச் சமையல்காரன்

பி.கு.: தபாலில் போடும் முன் என் மனைவியிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பத்தி வந்ததும் நிறுத்திவிட்டாள். “என் மூக்கைப் பத்தி இவ்வளவு எழுத வேண்டாங்க” என்றாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். “இல்லங்க, அன்னிக்கு எனக்கும் சளி. உங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. ரெண்டு டப்பாவும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. நீங்க நின்ன நெலையைப் பாத்து, ஏதாவது ஒண்ணைக் காட்டலன்னா விழுந்துடுவீங்கன்னு காட்டிட்டேன்.” அப்படியானால் மேசையில் முதலில் இருந்தது நல்லதோ கெட்டதோ, நாங்கள் மாற்றி வைத்தது கெட்டதோ நல்லதோ, இனி அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். தங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். ‘அந்த க்ரீமில் இருந்த இனம்புரியாத புளிப்பு எப்படி வந்தது?’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதில் புளிப்பாக எதையும் சேர்க்கவில்லை. தாங்கள் அதை எழுதியது விருந்தன்று மாலையிலேயே என்று தேதி சொல்கிறது. அதற்குப் பிறகு தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆசிரியர் அவர்களே, உடனே பதில் போடவும். கட்டுரையைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள்?