மணமேடை ஏறாத படம்

மணமேடையின் முதல் படிக்கு வந்ததும் படம் நின்றது. நான்கு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து உறைந்து போயின.

"போச்சா?" என்றார் முதலாளி பெர்னார்ட்.

"போச்சு சார்," என்றான் எட்மண்ட்.

"அதே எடத்துலயா?"

"அதே படி சார்."

காத்தோங் வட்டாரத்தில் ரத்தினம்மா கட்டப்போகும் கல்யாண மண்டபம் அது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனால் வாசலில் நுழைந்து மணமேடைவரை நடந்து போவதுபோல் கம்ப்யூட்டரிலேயே படம் ஓட்டிக் காட்டலாம் என்று ஆசை காட்டியவன் எட்மண்ட். அதை நம்பி, கட்டட வரைபடம் போடும் தன் சிராங்கூன் ரோட்டு மாடி அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டவர் பெர்னார்ட். நான்கையும் ஒரே கேபிளில் கோத்துவிட்டால் ஆளுக்குக் கொஞ்சமாக வேலையைப் பங்கு போட்டு வரைந்து தள்ளிவிடும். 1988ஆம் வருடத்துப் புத்தகம் ஒன்றில் அப்படித்தான் போட்டிருந்தது.

திங்கட்கிழமை ரத்தினம்மா நேரில் வந்து பார்த்தபோதும் அதே படியில் நின்றது.

"மேடை ஏறப் போற நேரத்துலயா நிக்கணும்? மண்டபம் கட்டுறதுக்கு முன்னாடியே அபசகுனமால்ல இருக்கு!" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னைக்கும் ஏறலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன் லா."

இன்று புதன்.

"ஒரு மெஷின்தான் மத்ததையும் கெடுக்குது சார்," என்று எட்மண்ட் ஒன்றைக் கேபிளிலிருந்து கழற்றினான். மற்ற மூன்றும் ஒன்றையொன்று காணாமல் அணைந்தன. திரும்ப மாட்டினான். நான்கும் சேர்ந்து அணைந்தன.

"சூடா இருக்கும் சார். ஏர்கான்ல குளிரக் கூட்டுவோம்."

கூட்டினார்கள். கட்டடம் முழுவதும் கரண்ட் போனது. கீழே நகைக்கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்ன சார் இது? நெக்லஸ் போட்டுப் பாத்துக்கிட்டிருந்த அம்மா இருட்டுல பயந்து, போட்டதோட ரோட்டுக்கு ஓடிட்டாங்க!"

"ஐயோ! கெடைச்சாங்களா?"

"அவங்களே திரும்பி வந்துட்டாங்க. ஆனா, வெளிச்சத்துல நல்லால்லன்னு கழட்டிக் குடுத்துட்டாங்க!"

கரண்ட் வந்ததும் எட்மண்ட் புது யோசனையோடு நிமிர்ந்தான். "பாரம் அதிகம் சார். மண்டபத்துல கொஞ்சத்தக் கழிச்சா தாங்கும்."

வாசலில் இருந்த தென்னை மரங்கள் போயின. பிறகு நாற்காலிகள் போயின, சரவிளக்குகள் போயின. பெர்னார்ட் ஆசை ஆசையாக வரைந்த தூண்களில் எட்மண்ட் கை வைத்ததும் அவர் பதறிவிட்டார்.

"தூண எடுத்தா கூரை எதுல நிக்கும்?"

"கம்ப்யூட்டர்ல விழாது சார்."

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் படிகளையே எடுத்துவிட்டான். படம் மணமேடைக்கு அடியில் புகுந்து, அங்கே இருட்டில் நின்றது.

மிச்சமிருந்தது அதே அலுவலகத்தில் படம் வரையும் பிரிஜட்டின் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவள் மெடிக்கல் லீவில் இருந்தாள். அவளுடைய வேலைகள் தனி என்பதால் அந்தக் கேபிளில் அதைச் சேர்க்கவில்லை. மண்டபத்தை டிஸ்குகளில் ஏற்றி அதில் போட்டு, ஓடச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு குவீன்ஸ்டவுன் பஸ் ஏறினான் எட்மண்ட்.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், 'படம் தயார்' என்று திரை சொன்னது. நான்கு சேர்ந்து முடியாததை ஒன்று முடித்திருந்தது! பெர்னார்ட் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துடுவோமா?"

"வேணாம் சார். தொட்டா நின்னாலும் நின்னுடும்."

ரத்தினம்மா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தார். எட்மண்ட் பொத்தானைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாசல் இவ்ளோ பெருசா?" என்றார் ரத்தினம்மா.

"மாப்பிள்ளை கார்லேயே உள்ள வந்து எறங்கலாம்," என்றார் பெர்னார்ட், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

"ஜன்னலே இல்லையே?"

"ஃபுல் ஏர்கான் மேடம்."

எட்மண்ட் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். தூணும் நாற்காலியும் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது கூடம். எல்லாம் அவன் கழித்ததன் பலன்தான். ஆனால் படம் நிற்கவில்லை. ஒரு சரிவில் வழுக்கிக்கொண்டு போய் மேடைமேல் ஜம்மென்று ஏறி நின்றது. அந்தச் சரிவை எப்போது வைத்தோம் என்று அவனுக்கு நினைவில்லை. யோசிக்கவும் மனமில்லை.

"படி இல்லாம செஞ்சிருக்கீங்களே!"

"வயசானவங்களும் ஏறி ஆசீர்வாதம் பண்ணணும்ல?" என்றார் பெர்னார்ட்.

ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏறிடுச்சு, பாத்தீங்களா! என் மனசுல இருந்த மண்டபம் அச்சு அசலா இதுதான். என் மக கல்யாணத்தயே இதுலதான் மொதல்ல நடத்துறேன். நாளைக்கே வேலைய ஆரம்பிங்க!"

பெர்னார்ட் கை தட்டினார். எட்மண்டும் சேர்ந்து தட்டினான். சந்தோஷத்தில் படத்தை இன்னொரு தடவையும் ஓட்டினான்.

சாங்கியில் சரக்குத் தொழில் செய்யும் நூருல் அமீன், பிரிஜட்டைத் தேடி மாடிப்படி ஏறும்போதே கல்யாணப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவர், கதவைத் திறந்து திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சொன்னார்:

"அட, என் சரக்குக் குடோன் படம் ரெடியாயிடுச்சா! ஆமா... லாரியில சாமான் ஏத்துற மேடையில யாரு கல்யாணம் பண்ணிக்கப் போறது?"