பழைய கார்டில் வந்த அலை

இனி உயிரே போனாலும் படகில் ஏறுவதில்லை என்று வெள்ளத்துரை சபதம் எடுத்தபோது அவர் படகில் இல்லை. ராயபுரத்தில், மாடி வீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வஞ்சிரம் வறுவலோடு சோறு தின்றுகொண்டிருந்தார். "தம்பி கஸ்பாரு புதுசா ஃபைபர் போட்டு ஒண்ணு வாங்கிக்கீறான். ஞாயித்துக்கெழம எண்ணூர் கத்திவாக்கத்துல சர்ச்சு சாமியார் வந்து மந்திரிச்சதும் மொத ஓட்டம்" என்று மனைவி ரோஸ்மேரி சொன்ன மாத்திரத்தில், வஞ்சிரம் அவர் வயிற்றுக்குள் மறுபடி நீந்த ஆரம்பித்தது.

ரோஸ்மேரியின் பிறந்த வீட்டில் அப்படியொரு வழக்கம். புதுப் படகு முதல் தடவை கடலுக்குள் போகும்போது மூத்த மாப்பிள்ளை அதன் முன்முனையில் உட்கார வேண்டும். முந்தைய படகில் அப்படி உட்கார்ந்தார். அலையைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. போதாக்குறைக்கு அன்றைக்கு வலை கிழிய மீன் விழுந்துவிட்டதால் அந்த நாளை யாருமே மறக்கவில்லை. மச்சினன் கஸ்பார் அன்றிலிருந்து பார்க்கும் இடத்திலெல்லாம் "மாமா!" என்று பாய்ந்து கட்டிக்கொள்கிறான். எல்லாம் நக்கல் என்று வெள்ளத்துரை உள்ளுக்குள் வெந்தார். அவர் கப்பல் ஏஜென்சியில் எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிற மனிதர். அவர் வயிற்றில் இருப்பது மட்டும் கடலைக் கண்டால் இருந்த இடத்தில் இருக்காது. இன்னொரு தடவை மானம் போனால் எண்ணூர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது.

"அன்னிக்கி ஒரு பெரிய கப்பல் வருது மேரி. வூட்லர்ந்தே மூணு ஸ்க்ரீன் வச்சி பாத்துகினே இருக்கணும். அசைய முடியாது."

"வூட்ல ஒரே ஸ்க்ரீன்தானே கீது?"

"மூணாக்கிடுவேன்."

பொய் சொன்னால் மட்டும் போதுமா? பொய்க்குச் சாமான் வேண்டாமா? ஆபீஸில் கழித்துப் போட்ட மானிட்டர் இரண்டை ஆட்டோவில் ஏற்றி வந்தார். கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டில் இரண்டு மானிட்டர் செருகத்தான் இடம். மூன்றாவதற்காகப் பரணில் கிடந்த பழைய கார்டைத் தூசி தட்டிச் சொருகினார். பிடித்தது சனி. புதுக் கார்டுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றினால் பழையது கண்ணை மூடிக்கொண்டது. பழையதற்கு ஏற்றினால் புதியது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது.

ரோஸ்மேரி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் வேற வேற கம்பெனியா?"

"ஆமா. அதான் பேஜாரு."

"வேற வேற வூட்லர்ந்து வந்தது ஒடனே ஒத்துப்பூடுமா? நம்ம ரெண்டு பேரும் இன்னா ஒடனேவா ஒத்துப் போனோம்?"

"நாம எப்ப ஒத்துப் போனோம்?"

"அதச் சொல்லு!" என்று டீயை வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று திரையும் ஒன்றாக ஒளிர்ந்தன. வெள்ளத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கார்டில் ஓடிய வலதுபக்கத் திரையில் மட்டும் படம் ஒரு மூச்சு தாமதித்து வந்தது.

"இது ஏன்யா இஸ்துகினு வருது?"

"வயசாயிடுச்சு மேரி, அதான். ஆனா பாரு, இனிமே நான் ஹார்பருக்கே போவ வாணாம். ஹார்பர் என்னாண்ட வரும்!"

"கடலும் வருமா?"

"எல்லாமே வரும்!"

"அப்ப சரி" என்றாள் ரோஸ்மேரி. திருவொற்றியூர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறவள் அவள். ஒரே போட்டோவை இழுத்து மூன்று பக்கத்துக்கு விரிப்பது அவள் அன்றாடப் பிழைப்பு. அந்த நேரத்தில் இது வெள்ளத்துரைக்கு நினைவில் வராமல் போனது அவருடைய கிரகம்.

ஞாயிறு காலை மூன்று திரையிலும் கன்டெய்னர் அட்டவணையைப் பரப்பி வைத்துக்கொண்டு, புருவத்தை நெறித்தபடி உட்கார்ந்தார்.

"நீ போவலியா?"

"நீ வராத எடத்துக்கு நான் இன்னாத்துக்கு?"

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவளோ ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

"தர தொடைக்க. நீ கப்பலப் பாரு."

கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் கை நீண்டு மவுசைப் பிடித்தது. "கஸ்பாரு வீடியோல வரான். ஒரு வணக்கம் சொல்லிடு. கப்பலு ஒரு நிமிசம் நிக்கட்டும்." ஒரே இழுப்பு. அட்டவணைகள் மறைந்தன. மூன்று திரையிலும் கடல்!

"மாமா! நீங்க ஒக்கார்ற எடத்துலயே போனக் கட்டிக்கீறோம்! கரையில எல்லாரும் ஒங்களத்தான் பாத்துகினு கீறாங்க. சாமியார்கூட பாக்குறாரு!" என்றது கஸ்பாரின் குரல்.

எழுந்து ஓடினால் ஊரே சிரிக்கும். கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். படகு கிளம்பியது. முதல் அலை வந்தது. இடதும் நடுவும் மேலே ஏறின. வலது திரை அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வலது ஏறும்போது மற்ற இரண்டும் பாதாளத்துக்குப் போயின. ஒரு கடலையே தாங்காதவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடல்.

"மேரி... மேரி... பக்..."

ரோஸ்மேரி பக்கெட்டை ஏற்கெனவே நீட்டியிருந்தாள்.

ஸ்பீக்கரில் கைதட்டல் வெடித்தது. தொலைந்தது மானம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டவர் காதில், "எடுத்துட்டாருடா! வலைய எறக்கு!" என்ற கூச்சல் விழுந்தது.

"இன்னா சொல்றான் அவன்?"

"போன போட்டுல நீ எடுத்தப்பறந்தான்யா மீனு அப்டி கொட்டிச்சு. மாமா வாந்தி எடுக்காம வலையத் தொடவே மாட்டேன்னுட்டான்."

"அப்ப... என்ன நக்கல் பண்ணலியா?"

"நக்கலா? போட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல உன் போட்டோவ மாட்டிக்கீறான்யா!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வெள்ளத்துரைக்குத் தன் வயிற்றைப் பற்றிப் பெருமையாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. கேமராவுக்கு இன்னொரு கும்பிடு போட்டார்.

"அக்கா!" என்று கஸ்பார் கத்தினான். "போன தபா மாமா ரெண்டு வாட்டி எடுத்தாருக்கா!"

ரோஸ்மேரி பக்கெட்டை மறுபடி அவர் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பழைய கார்டு ஓடும் திரைப் பக்கமாகத் திருப்பினாள்.