மூன்று ராஜாக்களும் சிறகொடிந்த சம்மனசுகளும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். தெரியாத விஷயத்தைத்தான் அதிக நம்பிக்கையோடு சொல்லித் தருவேன். வங்கி வேலைக்கு வந்த பிறகு இது பாதி குறைந்திருக்கிறது. விருத்தாசலத்தில் கல்லூரி படித்த நாளில் முழுசாக இருந்தது. அப்போதுதான் பெண்கள் கொடிக் கால்பந்து அணிக்கு என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

அமெரிக்கர்கள் முட்டி மோதி ஆடுவார்களே, அந்தக் கால்பந்தின் சாதுவான தங்கை இது. பக்கத்துக்கு ஐந்து பேர். (உதைக்கிற வேலையே கிடையாது, பேரு மட்டும் கால்பந்து.) பந்து வைத்திருப்பவளின் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் அவள் அங்கேயே நின்றுவிட வேண்டும். உருவாமல் கோட்டைவிட்டால் அவள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிடுவாள். அதற்குப் பெயர் டச்டவுன்.

எங்கள் அணியில் எல்லாரும் கபடிக்காரிகள். பந்து எங்கே போனாலும் ஐந்து பேரும் கைகோத்துக்கொண்டு போய் அமுக்குவோம். இது எதிரணிகளுக்குத் தெரிந்துபோனது. ஆட்களைக் கிரவுண்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பரத்தி நிறுத்தினார்கள். நாங்கள் ஒருத்தியை அமுக்குவதற்குள் பந்து இன்னொருத்தியிடம் பறந்துவிடும். இரண்டு ஆட்டம் அப்படியே தோற்றோம்.

மூன்றாவது ஆட்டம் கடலூர் அணியோடு. அதற்குள் வீட்டில் ஒரு கெடு விழுந்துவிட்டது. "இதுல ஜெயிச்சா இன்னும் ஒரு வருசம் ஆடு பாப்பா. தோத்தா பேங்க் பரீட்சை கோச்சிங்கு. அதுக்கு மேல எதுவும் கேக்கக் கூடாது" என்றார் அப்பா. அவர் பீங்கான் பொம்மை யூனிட்டில் சூளை பார்ப்பவர். அவர் பேச்சும் சூளையில் வெந்தது போலத்தான், வளையாது.

பயத்தில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. யூனிட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கழித்துப் போட்டதில் பத்து பொம்மைகளை முதலாளியிடம் கேட்டு அப்பா வாங்கி வந்தார். எதிரணியில் பந்தை எறிகிறவள், இயேசுவின் வளர்ப்பு அப்பா சூசையப்பர். அவருக்குப் பந்தைப் பின்னால் தள்ளித் தருகிறவள் மாடு. பரந்து நிற்கும் மூன்று பேரும் பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். நாங்கள் ஐந்து பேர் சிறகு ஒடிந்த சம்மனசுகள். (தேவதூதர்களை எங்க மாதாகோயில் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.)

ராஜாவுக்கு ஒரு சம்மனசு, மாட்டுக்கு ஒன்று, நான் சூசையப்பர் மேல் பாய வேண்டியது. அவரவர் ராஜாவை விட்டு ஒரு முழம் விலகக் கூடாது என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன். பொம்மைகள் மிக ஒழுக்கமாக நடந்துகொண்டன.

ஆட்டத்தன்று அப்பா முதலாளியையே அழைத்து வந்து, கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். கடலூர்க்காரிகள் பொம்மைகளைப் போலவே பரந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். அப்பா முதலாளியின் காதில் என்னவோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்து கைமாற ஒரு நொடி இருக்கும்போது, இடதுகோடி ராஜா குடுகுடுவென்று வலது கோடிக்கு ஓடினாள். சட்டப்படி ஒருத்தி அப்படி ஓடலாம். (வீடியோவுல நானும் பாத்திருக்கேன். இடம் மறந்துபோயி ஓடுறான்னு நெனச்சுக்கிட்டேன்.) அவளைக் காவல் காத்த ஜெனி பின்னாலேயே ஓடினாள். வலது கோடியைக் காத்த செல்வி ஜெனியை மறித்தாள்.

"இது என் ராஜாடி."

"என் பக்கம் வந்துட்டா என் ராஜாதான்."

நான் சூசையப்பரை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துக்குத் திரும்பினேன். சூசையப்பர் நிதானமாகக் குறி பார்த்து எறிந்தாள். டச்டவுன். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். நாங்களும் அதே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டோம்.

கடைசியில் அந்த ஓடுகாலி ராஜாவை நானே பிடிப்பது என்று இறங்கினேன். அவள் இடுப்புப் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஓடினேன். அவள் சட்டென்று நின்றாள். எனக்கு நிற்க வரவில்லை. கோட்டைத் தாண்டி நாற்காலிகளுக்குள் போய் விழுந்தேன். விழும்போதே கை ஒரு துணியை உருவியது. எழுந்து அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கிரவுண்டுக்கே காட்டினேன். யாரும் கை தட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அது முதலாளியின் தோள் துண்டு.

அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனேம்மா" என்றார்.

தோற்றோம். அழுதேன். சொன்ன சொல்படி கோச்சிங்கில் சேர்ந்தேன். இன்னொரு வருடம் கேட்க வாய் வரவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, வீட்டிலிருந்த பழைய மாதாவோடும் பாலனோடும் அந்தப் பத்து பொம்மைகளையும் வைத்தே குடில் கட்டினோம். எங்கள் வீட்டில் ராஜாக்களை முதல் நாளே பாலன் இயேசுவிடம் சேர்க்க மாட்டோம். டிவி மேசைக் கோடியில் வைத்து, தினமும் கொஞ்சம் அம்மா நகர்த்துவார். ஜனவரியில் ராஜாக்கள் திருநாளன்றுதான் போய்ச் சேருவார்கள். பிறந்ததிலிருந்து ராஜாக்கள் நகர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நான்தான் ராஜா நகராது என்று வியூகம் வகுத்தேன்.

திருநாளன்று கடைசி ராஜாவைப் பாலன் முன்னால் வைத்துவிட்டு, குடில் கூரையில் சும்மா நின்ற ஐந்து சம்மனசுகளையும் அம்மா ஒரு பார்வை பார்த்தார். "டச்டவுன்" என்றார். ஆட்டத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றிலிருந்து வருடா வருடம் இது நடக்கிறது. அம்மா டச்டவுன் சொல்ல வேண்டும், அப்பா தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டி முதலாளி மாதிரியே பேசிக் காட்ட வேண்டும், கல்யாணமான பிறகு என் கணவரும் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். போன ஜனவரியிலும் எல்லாம் முறைப்படி நடந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, துண்டை மடித்துக்கொண்டே அப்பா சொன்னார்.

"இன்னொரு வருசம் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன் பாப்பா. நீ கேக்கவே இல்ல."

வளையாது என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த அப்பா. குடிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"டச்டவுன்."